மூக்குக்குப் போன விரல்

தொண்ணூறுகளின் நடுவில் ராஜபாளையத்தில் ஒரு நர்சிங் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். ஒருநாள் எங்கள் பிரின்சிபால் வீடியோ கேமராவும் டிவியும் வாங்கி வைத்துவிட்டு, “இனி நீங்க செஞ்சு காட்டுறதைப் படம் பிடிச்சு, ரிமோட்டைப் பிள்ளைக கையில குடுத்திருங்க. வேணுங்கிற இடத்தில நிறுத்திக் கேள்வி கேக்கட்டும்” என்றார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. டிவியே பாடம் நடத்தினால் நான் எதற்கு? அதோடு, என் வகுப்பில் கேள்வி கேட்க யாரும் வாய் திறந்ததில்லை. அதை ஒழுக்கம் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவள் நான். ஏதேதோ சாக்குச் சொல்லி இரண்டு மாதம் கடத்தினேன்.

கடைசியில், புண்ணுக்குக் கட்டுப்போடும் பாடத்தைப் படம் பிடித்தே விட்டார்கள். மறுநாள் காலை பாதிப் பிள்ளைகள் பயிற்சிக்காகப் பக்கத்து ஆஸ்பத்திரி வார்டில். மீதிப் பேருக்குப் போட்டுக் காட்டினேன். ரிமோட் ஒரு மம்சாபுரத்துப் பெண்ணின் கையில். நடுவில் நிறுத்தினாள்.

“மேடம், கிளவுஸ் போட்ட பொறவு கண்ணாடிய ஏத்திவிடுதீங்க” என்றாள், தலையை நிமிர்த்தாமலே.

“இருக்காது. திருப்பிப் போடு.”

போட்டாள். கிருமி நீக்கிய கிளவுஸ் விரலால் என் மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டு, அதே விரலால் பஞ்சை எடுக்கிறேன். கிளவுஸ் போட்டால் வேறெதையும் தொடக் கூடாது என்று நாள் தவறாமல் அதட்டியவளும் நானேதான். ஊருக்குத்தான் உபதேசம்.

“எப்பவும் இப்படித்தானா?” என்றேன். ஆமாம் என்று தலையாட்டினாள். வார்டில் இருக்கும் பிள்ளைகளும் இந்தக் கையைப் பார்த்துப் படித்தவர்கள்தானே என்று அப்போதுதான் உறைத்தது. ஓடினேன்.

வயிற்றில் ஆபரேஷன் ஆன ஒரு அம்மாவுக்கு என் மாணவி கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். கட்டைப் பிரித்தாயிற்று. கிளவுஸ் மாட்டினாள். விரல் மூக்குக்குப் போய்த் தொட்டுவிட்டுப் புண்ணை நோக்கி இறங்கியது.

“ஏட்டி, நில்லு” என்று கத்திவிட்டேன். “கண்ணாடியே போடாதவ எதுக்குட்டி மூக்கைத் தொட்ட?”

அவள் மிரண்டு போனாள். “நீங்க செஞ்சு காட்டுன மாதிரியேதான செஞ்சேன், மேடம்.”

வேறு கிளவுஸ் மாட்டச் சொல்லி, கட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்றிலிருந்து யாராவது குறுக்கே கேள்வி கேட்டால் நான் கோபப்பட்டதில்லை. ஆனாலும், அதற்கு முன் என்னிடம் படித்துவிட்டுப் போன பிள்ளைகள் எந்தெந்த ஊர் வார்டில் மூக்கைத் தொட்டுவிட்டுப் புண்ணைத் தொட்டார்களோ என்ற பயம், ஓய்வுபெற்ற பிறகும் என்னை விடவில்லை.