சிவனாண்டி வறுத்த மண்

மாப்பிள்ளையூரணி சிவனாண்டிக்கு மண்ணை வறுக்கிற வேலை. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், சர்க்கார் அதற்குத்தான் சம்பளம் கொடுத்தது. 1943இல், யுத்தச் சரக்கு லாரிகளுக்காகத் தூத்துக்குடி துறைமுகத்துக்குப் புது ரோடு போட்டார்கள். பெண்கள் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கிய மண்ணில் சிவனாண்டி சின்னக் குழி தோண்டுவான். அள்ளிய மண்ணை நிறுத்து, சட்டியில் வறுத்து, மறுபடி நிறுப்பான். குறைந்த எடைதான் ஈரம். குழியின் கொள்ளளவை உலர்ந்த மணல் ஊற்றி அளப்பான். ரோட்டுக்குப் போட்டது தேரி மண், அந்தப் பக்கத்துச் செம்மணல். அதை டப்பாவில் போட்டு இடித்தால் வரும் இறுக்கம் நூறு என்றால், ரோட்டில் குறைந்தது தொண்ணூற்றைந்து தேற வேண்டும். தேறாவிட்டால் இடித்த கூட்டத்துக்குச் சீட்டுக் கிழியும்.

அன்று எண்பத்தேழுதான் வந்தது. இடித்தது அவன் மனைவி இசக்கியம்மாளின் கூட்டம், பதினாறு பெண்கள். வேறு யாராக இருந்தாலும் கை கூசாமல் எழுதியிருப்பான். அன்றும் எழுதத்தான் செய்தான். என்ஜினியர் தனராஜ், "நாளையிலேருந்து அவங்க வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் இசக்கி கஞ்சியை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவன் கஞ்சியைத் தள்ளி வைத்தான். நோட்டை மறுபடி புரட்டினான். இறுக்கம் குறைவு, சரி. ஈரம் ஏன் நூற்றுக்குப் பத்தொன்பது? தேரி மண்ணில் அவ்வளவு ஈரம் ஏறினால் காலடியில் சொதசொதக்கும். இந்தக் குழியோ கடப்பாரை அல்லவா கேட்டது!

"ஏளா, நான் தோண்டுன எடத்துல இருந்தது தேரி மண்ணு இல்ல. என்ன மண்ணு அது?"

இசக்கி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்க வேலைன்னாலும் முதல் கூடை நம்ம குளத்து மண்ணுதான போடுவோம்? ஆளுக்கொரு கூடை சுமந்து போனோம். வெளி மண்ணுன்னா விரட்டிருவாவன்னு சொல்லல. உங்க வேலை நெலைக்கணும்னு வேண்டித்தான் நான் போட்டேன்."

அவனுக்குக் கோபமும் வந்தது, அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது. ரோடு தொடங்கும் முளைக்குச்சிக்குப் பக்கத்தில்தான், அந்தக் கூடைகள் கவிழ்ந்த இடத்திலேயே தோண்டியிருக்கிறான். குளத்து மண் எவ்வளவு இடித்தாலும் தேரி மண்ணின் கனத்துக்கு வராது. ஒரு படி அவலை நிறுத்து, ஒரு படி அரிசியின் கனம் இல்லையே என்று ஏசியிருக்கிறான்.

காலையில் இருவரும் தனராஜ் முன்னால் போய் நின்றார்கள்.

"நான் எழுதின எண்ணு சரிங்கய்யா, ஒத்துப் பாத்ததுதான் தப்பு. குளத்து மண்ணத் தேரி மண்ணோட ஒத்துப் பாத்துட்டேன். முதல் கூடையா வெளி மண்ணப் போட்டது என் வீட்டுக்காரிதான்."

தனராஜ் முறைத்தார். "நாலு கெஜம் தள்ளித் தோண்டு. அங்கயும் தேறலைன்னா ரெண்டு பேருமே வீட்டுக்குப் போகலாம்."

தோண்டினான். வறுத்தான். இசக்கி அடுப்புக்கு எதிரே சாமி பெயரெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு நின்றாள். நிறுத்து, கணக்குப் போட்டான். தொண்ணூற்றேழு.

"குளத்து மண்ண அள்ளிட்டுத் தேரி மண்ணப் போட்டு இடிக்கச் சொல்லு. பதினாறு பேரும் வரட்டும்" என்றார் தனராஜ். "சட்டிய எடுக்காத, நானும் ஒரு தரம் நிறுத்துப் பாக்கணும்."

அவர் கண்ணாடி எடுக்கப் போனார். இசக்கியின் முகத்தைப் பார்த்ததும் சிவனாண்டிக்கு அழுகை முட்டியது. சட்டியில் விழுந்தால் எடை கெட்டுவிடுமே என்று, நாலடி தள்ளிப் போய் நின்று அழுதான்.