ஸபியா வாய் திறந்த காலை

சகோதரர்களே, சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து யுத்தம் முடிந்த மே மாதம் வரை, நாலு வருஷத்துக்கு மேல், என் மனைவி ஸபியா ஒரு வார்த்தை பேசவில்லை.

கல்முனையில் எங்கள் வீடு கடலுக்குப் பக்கத்தில் இருந்தது. அன்று காலை எங்கள் ஒரே மகள் ரிஸானா வாசலில் நின்று என்னிடம் ஏதோ கேட்டாள். நான் என் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நிமிராமலே "ம்" என்றேன். பிறகு கடலிலிருந்து தள்ளியிருக்கும் மாவடிப்பள்ளிக்கு வயல் பார்க்கப் போனேன். அதனால் பிழைத்தேன். ஸபியாவை ஒரு தென்னையிலிருந்து இறக்கினார்கள். ரிஸானாவைக் கடல் திருப்பித் தரவேயில்லை. அவள் என்ன கேட்டாள்? இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மையித்துகளை, செத்தவர்களின் உடல்களை, கொண்டுபோன கடல் என்று ஊரில் பல வீடுகளில் அப்போது கடல் மீன் சமைக்கவில்லை. மற்றவர்கள் சில மாதங்களில் மாறினார்கள். நாங்கள் மாறவில்லை. மீன்காரனின் ஹோன் கேட்டால் ஸபியா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சோறாக்கினாள், கூட்டினாள், தொழுதாள். குரல் மட்டும் இல்லை. முன்பு அவள் ஓயாமல் கதைத்தபோது, எனக்கு அமைதி வேண்டும் என்று ஏசியிருக்கிறேன். கேட்டது கிடைத்துவிட்டதே என்று நடுங்கினேன்.

முதலில் அல்லாஹ்விடம் மகளைத் திருப்பித் தரக் கேட்டேன். பிறகு மையித்தையாவது தரக் கேட்டேன். யுத்தம் முடிந்த செய்தி வந்த அன்று எங்கேயோ வெடி கொளுத்தினார்கள். ஸபியா காதைப் பொத்திக்கொண்டு மூலையில் குந்தியிருந்தாள். தொழுகையில் நெற்றி நிலத்தில் பட சுஜூதில் விழுந்து அழுதேன். "யா அல்லாஹ், அவள் என்னை ஏசினாலும் போதும்."

சில நாட்களில் எங்கள் வீட்டு வழக்கம் தெரியாத ஒரு புது மீன்காரன் வாசலில் சைக்கிளை நிறுத்தினான்.

"சேர், பாரை இருக்கு, பாருங்க."

வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு ஒன்றைத் தூக்கினேன். எனக்கு மீன் பார்க்கத் தெரியாது.

"அத வையுங்க!"

பின்னால் ஸபியா. குரல் கரகரத்தது.

"இப்பதான் வலையால எடுத்த மீன் ராத்தா!" என்றான் அவன்.

"இப்பவா? கண்ணப் பாரு. உன்ட மூத்தவாப்பாட வயசிருக்கும்."

"அப்ப மூத்தவாப்பாக்கு மரியாத குடுத்து வாங்குங்களன்!"

அவள் வேறொரு மீனைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இஞ்சருங்க, சட்டிய எடுத்துக்கு வாங்க. ஏன் மரம் மாதிரி நிக்கிறீங்க?"

சட்டி எடுக்கப் போய், குசினிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பகல் மீன் ஆணம் வைத்து என் சோற்றில் ஊற்றினாள். "புளி கூடிட்டா?" என்றாள். அவள் முகத்தைப் பார்த்து, "இல்ல, அளவா இருக்கு" என்றேன். கூடித்தான் இருந்தது.

இப்போது முருங்கையைக் கடிக்கும் ஆடு, ஒழுகும் பைப் என்று நாள் முழுக்கக் கதைக்கிறாள். எல்லாவற்றையும் கேட்கிறேன். ரிஸானாவின் பெயரை மட்டும் அவள் இன்னும் சொல்லவில்லை. அதையும் அல்லாஹ்விடம் கேட்டிருக்கிறேன். தருவான். நீங்களும் கேளுங்கள். சோறு, தண்ணீர், வீட்டுக்குள் ஒரு மனிதக் குரல், எல்லாம் அவன் தருவதுதான். கேட்காமலே கிடைத்த காலத்தில் எனக்கு அது விளங்கவில்லை.

குசினியிலிருந்து கூப்பிடுகிறாள். நான் போக வேண்டும்.