நடுத் தெரிவு

எழுபதுகளின் நடுப்பகுதியில், எங்கள் அமைச்சர் ஏதோ ஒரு விருந்தில் யாருக்கோ வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். விளைவாக, கோடை விடுமுறைக்கு நிறமுள்ள, அதாவது வெள்ளையரல்லாத, கல்லூரி மாணவர்கள் இருவரைக் கொள்கைப் பிரிவில் பயிற்சிக்கு எடுக்க வேண்டும் என்று கட்டளை வந்தது. ரொறன்ரோவில் நான் வேலை பார்த்த அந்த மாகாண அலுவலகத்தில், எங்கள் மாடியில் நிறமுள்ளவன் நான் ஒருவன்தான். ஆகவே அவர்கள் என் பொறுப்பு என்று பணிப்பாளர் தீர்மானித்தார்.

“உமக்கு அவர்களை விளங்கும்” என்றார்.

வந்தவர்களில் ஒருவன் நகரின் ஓரத்தில் ரெக்ஸ்டேலில் வளர்ந்த ஜமேய்க்க இளைஞன். அவனை எனக்கு எப்படி விளங்கும் என்று அவர் எண்ணினார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கொள்கை வகுக்க வந்தவனைப் பழைய கோப்புப் பெட்டிகளை நிலவறைக்கு இறக்கச் சொன்னார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பெட்டியொன்றைப் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போனான், திரும்பவில்லை. எனக்குத் தெரிந்த பயிற்சி மாணவர்களில் அவன்தான் மிக விரைவாகப் பாடம் படித்தவன்.

மற்றவள் யாழ்ப்பாணத்துப் பெண். பொருளியல் படித்தாள். பல்கலைக்கழக விவாதப் போட்டிகளில் கிண்ணங்கள் வென்றவள் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டாள். அவளும் பெற்றோரும் இரண்டு தம்பிமாரும் ஒரு பேஸ்மென்றில் இருந்தார்கள். நிலத்துக்குக் கீழே இருந்த அந்த வீட்டின் கூரை தலையில் முட்டும் அளவுக்குப் பதிவு. தகப்பன் நெடிய மனிதர். ஊரில் பொறியியலாளராக இருந்தவர், வீட்டுக்குள் எப்போதும் எதையோ தவறவிட்டுத் தேடுபவர்போல் குனிந்தே நடந்தார்.

அஜின்கோர்ட்டில் ஒரு புதிய அடுக்குமாடியில் இரண்டு அறை வீடு காலியாக இருந்தது. அவள் தொலைபேசியில் கேட்டபோது, அவளுடைய சுத்தமான ஆங்கிலத்துக்கு, “தாராளமாக வாருங்கள்” என்றார்கள். குடும்பமாகப் போய் இறங்கினார்கள். வாடகைக்கு விடுவதையும் கவனித்த கட்டடக் காவலாளி எட்டிப் பார்த்து, வீடு காலையில்தான் போய்விட்டது என்றான். மாலையில் அவளுடைய வெள்ளைக்காரத் தோழி கேட்டபோது அது திரும்பவும் காலியாகியிருந்தது.

இப்படிச் செய்யக்கூடாது என்று சட்டம் அப்போதே இருந்தது. புகார் கொடுக்கலாம். விசாரணை முடிய மாதங்கள் ஆகும். அதற்குள் வேறொருவர் அந்த வீட்டில் திரைச்சீலை மாட்டிக் குடியிருப்பார். நீதி உங்கள் பக்கம். வீடு அவர் பக்கம்.

பணிப்பாளர் அவளிடம் வாடகை வீட்டுப் பாகுபாடு பற்றி ஒரு குறிப்பு எழுதச் சொன்னார். அவள் உயிரைக் கொடுத்து எழுதினாள். அவள் கேட்டது ஒன்றுதான்: புகார் வந்துவிட்டால், விசாரணை முடியும் வரை அந்த வீட்டை வேறு எவருக்கும் கொடுக்கக்கூடாது. அந்த ஒரு வரி சட்டத்தில் ஏறினால், அடுத்த கட்டடத்தில் தன் தகப்பனை வாசலோடு திருப்பி அனுப்ப முடியாது என்று நம்பினாள்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அமைச்சருக்குப் போகும் ஒவ்வொரு குறிப்பின் முடிவிலும் மூன்று தெரிவுகள் இருக்கும். முதலாவது, ஒன்றும் செய்யாமல் இருப்பது. அதைத் தெரிவுசெய்தால் அமைச்சர் சோம்பேறி. மூன்றாவது, ஊரே கொதிக்கக்கூடிய ஏதாவது. அதைத் தெரிவுசெய்தால் அவர் பைத்தியக்காரர். நாங்கள் விரும்புவதை நடுவில் வைப்போம். அவர் நடுவில் அடையாளமிட்டுவிட்டு, தான் நிதானமானவர் என்ற திருப்தியோடு மதிய உணவுக்குப் போவார். இது எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. தெரியாதவர் அந்தக் கட்டடத்தில் இல்லை.

அவள் விவாதக்காரி. வலுவானதைக் கடைசியில் வைத்திருந்தாள். நடுவை நிரப்ப ஏதோ வேண்டுமே என்று, வீட்டு உரிமையாளர்களுக்கு ஒரு துண்டுப்பிரசுரம் அச்சிடலாம் என்று எழுதியிருந்தாள்.

“பிள்ளை, மூண்டாவதைத் தூக்கி நடுவிலை போடும். அதைவிடப் பயங்கரமாய் ஒண்டை யோசிச்சு மூண்டாவதாய் வையும்” என்றேன்.

“ஏன் அங்கிள்? உங்கட மந்திரிக்கு மூண்டு வரைக்கும் எண்ணத் தெரியாதோ?”

“தெரியும். இரண்டிலை நிண்டிடுவார்.”

“நான் நம்பாத ஒண்டைப் பயமுறுத்த எண்டு எழுதமாட்டன். உது ஏமாத்து. இத்தனை வருசமா உதைத்தான் செய்யிறியளோ?”

“ஓம். சம்பளமும் தருகினம்.”

சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்கு மரியாதை குறைவாகவே இருந்தது. குறிப்பை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பணிப்பாளர் கடைசிப் பக்கத்தை வாசித்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் விரலை வைத்தார். முகம் மலர்ந்தது. வீட்டு உரிமையாளர்கள் தேர்தலுக்குப் பணம் கொடுப்பவர்கள். அவர்களை நோகடிக்காத ஒன்றை நடுவில் வைக்க அவரே இரண்டு நாள் மண்டையை உடைத்திருப்பார். இந்தப் பெண் இலவசமாகச் செய்து தந்திருக்கிறாள்.

“ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம். இவள் கெட்டிக்காரி” என்றார்.

அமைச்சர் நடுவில் அடையாளமிட்டார்.

துண்டுப்பிரசுரத்துக்கு ஒரு படம் தேவைப்பட்டது: நிறமுள்ள வாடகையாளர் ஒருவரை வெள்ளைக்காரக் காவலாளி ஒருவர் கைகுலுக்கி வரவேற்பதுபோல. வாடகையாளருக்கு வெளியே போய்த் தேட வேண்டியிருக்கவில்லை. அவள் எதிரிலேயே இருந்தாள். காவலாளிக்கு, அவளுடைய குறிப்பில் உதாரணமாகச் சொல்லியிருந்த அஜின்கோர்ட் கட்டடத்தின் முதலாளிகளையே பணிப்பாளர் அழைத்தார். பெயரைக் கழுவ இப்படியொரு வாய்ப்பு வந்தால் யார் விடுவார்கள்? உடனே சம்மதித்தார்கள். நானும் கூடப் போனேன்; மாணவர்கள் வெளியே போனால் பொறுப்பாளர் கூடப் போக வேண்டும் என்பது விதி.

அதே காவலாளி. தலையை எண்ணெய் வைத்து வாரியிருந்தான். படக்காரர் மூன்று தரம் சிரிக்கச் சொன்னார். மூன்று தரமும் அவள் சிரித்தாள். கையை விட்டதும் அவன் உண்மையான அக்கறையோடு கேட்டான்: “நீ வீடு தேடுகிறாயா? இப்போது எதுவும் காலியில்லை.”

அலுவலக வாசலில் காரை விட்டு இறங்கியதும், “அங்கிள், நீங்கள் சொன்னதைக் கேட்டிருக்கலாம்” என்றாள். உண்மை அதுதான்.

படிப்பு முடிந்ததும் அவளைத் தற்காலிகமாக எடுத்தார்கள். அடுத்த கோடையில் அந்த ஒப்பந்தம் முடிய இருந்த சமயத்தில், புதிய மாணவர்கள் வந்தார்கள். அவர்களில் கயானாவிலிருந்து வந்த பெண்ணொருத்தி, வீட்டு வேலைக்கென்று கரீபியனிலிருந்து அழைத்துவரப்பட்ட பெண்களுக்கு வேலை நேரத்தை வரையறுப்பது பற்றி எழுதினாள். அவளுடைய தாய் அந்த வேலைதான் செய்தாள். தெரிவுகளை எந்த வரிசையில் வைப்பது என்று நம்மவளிடம் கேட்டாள். பணிப்பாளர் கதவருகில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“வலுவானதைக் கடைசியில் வை. அதுதான் மனதில் நிற்கும்” என்றாள் நம்மவள், ஆங்கிலத்தில், தலை நிமிராமல்.

நான் வாயைத் திறந்தேன்.

“அங்கிள், நீங்கள் சும்மா இருங்கோ” என்றாள், தமிழில். குரல் மிக மரியாதையாக இருந்தது.

நான் தேநீர் எடுக்கப் போனேன். பணிப்பாளர் எனக்கு வழிவிட்டு, அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அமைச்சர் வழக்கம்போல் நடுவில் அடையாளமிட்டார்; வீட்டு வேலைக்காரப் பெண்களுக்கு என்ன கிடைத்தது என்று எனக்கு இப்போது ஞாபகமில்லை, ஒரு சுவரொட்டியாக இருக்கலாம். அவளை அந்த மாதமே நிரந்தரமாக்கினார்கள்.

நிரந்தர அரசாங்க உத்தியோகம் என்ற கடிதத்தைக் காட்டியதும் அஜின்கோர்ட் கட்டடத்தில் வீடு கொடுத்தார்கள். பால் காய்ச்ச என்னையும் அழைத்திருந்தாள். கீழே தபால் பெட்டிகளுக்கு மேலே அவளும் காவலாளியும் கைகுலுக்கும் படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. மேலே போய் மணியை அடித்தேன். தகப்பன் கதவைத் திறந்தார். அவர் எவ்வளவு உயரம் என்பதை அன்றுதான் கண்டேன்.

“எல்லாம் மகளின்ர கெட்டித்தனம்” என்றார்.

“ஓம்” என்றேன். காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.