வளைவுகளில் அண்ணி

"எனக்கு மருமக காரே போதும். உன் கார்ல ஏறுனா குடலப் புரட்டுது" என்று அம்மா என்னிடம் சொன்னபோது அண்ணன் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறேன். பள்ளியில் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு இயற்பியல் பாடம் எடுக்கிறேன். அம்மா மேருவில், அண்ணன் வீட்டில். சனிக்கிழமைதோறும் முட்டிவலிச் சிகிச்சைக்கு அம்மாவை ஷா ஆலமுக்குக் கூட்டிப்போக வேண்டும். ஒரு வாரம் அண்ணி, மறு வாரம் நான். அண்ணியோடு போனால் அம்மா வழியெல்லாம் கதை பேசுவாள். என்னோடு வந்தால் மடியில் பிளாஸ்டிக் பை, மூக்கில் எலுமிச்சம்பழம். ஷா ஆலமில் எங்கு திரும்பினாலும் புலாட்டான் என்கிற ரவுண்டானா வேறு. ஒவ்வொரு வட்டத்தைச் சுற்றும்போதும் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிடுவாள்.

வேகம் மாறாமல் வளைந்தாலும் அது முடுக்கம்தான், திசை மாறுகிறதே. வேகம் இரண்டு மடங்கானால் அது நான்கு மடங்காகும். இதைப் பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! அண்ணியோ இயற்பியலில் பெயிலானவள். சரி, மெதுவாக ஓட்டித் தொலைக்கிறாளா என்றால் அதுவும் இல்லை.

ஒரு சனிக்கிழமை அவள் காரில் நானும் ஏறிக்கொண்டேன். முடுக்கத்தை அளக்கும் செயலியைத் தட்டிவிட்டு, போனை முன்னால் பொருத்தினேன்.

"என்னா டீச்சர், எனக்கு மார்க் போடுறியா? பாத்துப் போடு லா" என்று அண்ணி சிரித்தாள்.

அவள் தப்பு செய்ய வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். பொய் சொல்வானேன்.

மறுவாரம் என் காரிலும் அளந்து, இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உச்சம் என்னவோ இருவருக்கும் ஒன்றுதான். அவளுடையது மெல்ல ஏறி, நின்று, மெல்ல இறங்கியது. என்னுடையது ரம்பப் பல். அவள் வட்டத்துக்கு முன்பே பிரேக்கை மிதித்துவிடுகிறாள். ஸ்டீரிங் நிமிர்ந்த பிறகுதான் வேகம் கூட்டுகிறாள். நான் வேகமாக உள்ளே போய், பயந்து, நடுவில் மிதிக்கிறேன். பாவம், அம்மா ஒரே நேரத்தில் பக்கவாட்டிலும் சாய்ந்திருக்கிறாள், முன்னாலும் சரிந்திருக்கிறாள். படித்தவள் நானாம்! வயிறு எரிந்தது.

அண்ணியிடம் கேட்டுக் கற்றுக்கொள்வதா? செத்தாலும் மாட்டேன். பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் தனியாகவே பழகினேன்.

அடுத்து என் முறை வந்தது. முதல் புலாட்டான் போனது, இரண்டாவதும் போனது. முருகனைக் கூப்பிடும் சத்தமே இல்லை. கண்ணாடியில் பார்த்தால், அம்மா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பாடா! உடனே அண்ணனுக்கு போன் போட்டு, அண்ணி காதிலும் விழும்படி சொல்ல வேண்டும் போலிருந்தது.

சிகிச்சை நிலையத்து வாசலில் நிறுத்தி, அம்மாவின் தோளைத் தொட்டேன். கண்ணைத் திறக்காமலே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டோமாம்மா? காலையில எம் மவனுக்குப் பசியாறக் குடுத்தியா?"

நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"குடுத்துட்டேன் அத்தை" என்றேன்.