பாக்கியமக்காவின் இரண்டாவது போத்தல்

ஞாயிறு காலை பாக்கியமக்காவின் தங்கை தொலைபேசியில் அழைத்தார். "அக்கா போயிட்டாங்க சேர்" என்றார்.

பதுளையில் எங்கள் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நெடுங்காலம் உதவியாளராக இருந்தவர் பாக்கியமக்கா. பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து இரசாயனவியலாளனாக வந்திறங்கிய எனக்கு அவரோடு முதல் வாரமே சண்டை. எங்கே தண்ணீர் எடுக்கப் போனாலும் ஒன்றுக்கு இரண்டு போத்தல் நிரப்புவார். ஒன்று பரிசோதனைக்கு, மற்றது குளிர்ப்பெட்டிக்கு.

"உதென்ன அக்கா, பெட்டி முழுக்க உங்கட போத்தல்தானே!" என்று எரிந்து விழுந்தேன்.

"எங்கப்பா தேயிலை பேக்டரியில இருந்தாருங்க. தேயிலை அனுப்புறப்பல்லாம் ஒரு பிடி எடுத்து வச்சுருவாங்க. நாளைக்கு வாங்குனவன் குறை சொன்னா எடுத்துக் காட்டணுமில்ல?"

அவருடைய தோட்டத்துக்கு மேலே அப்போது ஒரு சிறிய காகித ஆலை நடந்தது. மரக்கூழைக் குளோரினால் வெளுத்து, கழிவுநீரை ஓடையில் விட்டார்கள். தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருந்த கீழ் லயத்தில் அந்த ஓடைத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். பாக்கியமக்காவின் தங்கை குடும்பமும் அங்கேதான். முறைப்பாடு வந்ததும் தண்ணீரைச் சோதித்து, 'குளோரின் இல்லை' என்று கையெழுத்துப் போட்டேன். ஆலைக்காரர்கள் அதைப் பிரதியெடுத்து வாயிற்கதவில் ஒட்டிவிட்டார்கள்.

பாக்கியமக்கா கோபப்படவில்லை. என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஒரு சந்தேகம் சேர். அவ்வளவு குளோரின் உள்ள போகுது. கடதாசி வெள்ளையா வெளிய வருது. போட்ட குளோரின் எங்கதாங்க போச்சு?"

என் முகம் சுண்டிப்போயிற்று. பல்கலைக்கழகத்தில் படித்த விஷயம்தான். குளோரின் மரத்திலுள்ள பசைப்பொருளோடு சேர்ந்து வேறு நச்சுச் சேர்மங்களாகிவிடும். நான் செய்த சோதனையில் அவை அகப்படமாட்டா. ஓடைச் சேற்றிலும் மீனின் கொழுப்பிலும் போய்த் தங்கிவிடும். அவசரத்தில் சுலபமான சோதனையைச் செய்துவிட்டேன்.

மறுபடி தண்ணீர் எடுக்கப் போனபோது, ஆலையை நிறுத்திக் கழுவி வைத்திருந்தார்கள். நான் கையைப் பிசைந்தேன். கூடத்துக்குத் திரும்பியதும் பாக்கியமக்கா குளிர்ப்பெட்டியைத் திறந்து, முதல்முறை எடுத்து வைத்த தன் இரண்டாவது போத்தலைத் தந்தார். கொழும்பிலுள்ள பெரிய ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். அதில் நஞ்சு இருந்தது.

என் அறிக்கை தவறென்று நானே எழுத வேண்டும். வெட்கத்தில் இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை.

"எழுதுங்க சேர். என் தங்கச்சி பிள்ளைங்க அதத்தான் குடிக்குதுங்க."

எழுதினேன். ஆலையின் வெளுக்கும் பகுதி மூடப்பட்டது. வேறொரு மலையூற்றிலிருந்து கீழ் லயத்துக்குக் குழாய் வந்தது.

என் தவறை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. தண்ணீர் எடுத்துத் திரும்பும் வழியில் பண்டாரவளையில் சுடச்சுட வடை வாங்கித் தருவார். கை கழுவாமல் தொட விடமாட்டார்.

அடக்கம் முடிந்து கீழ் லயத்துக்கு வந்து, எல்லோரும் அந்தக் குழாயில்தான் கைகால் கழுவினோம். நான் இரு கைகளாலும் ஏந்திக் குடித்தேன். பையில் ஒரு வெறும் போத்தல் இருந்தது. விளிம்புவரை நிரப்பினேன்.

பார்த்துக்கொண்டிருந்த தங்கை உள்ளே போய் இன்னொரு போத்தலைக் கொண்டுவந்து நீட்டினார்.

"ஒன்னோட போனா அக்கா விடமாட்டாங்க சேர்."

போய் வாருங்கள் அக்கா. இரண்டாவதை எடுத்து வைத்திருக்கிறேன்.