எல்லாருக்கும் வில்லன் போஸ் வேணும்

ஊர் யாரைக் கும்பிடுதுன்னு தெரிஞ்சுக்கக் கோயிலுக்குப் போக வேண்டாம், ஃப்ளெக்ஸ் கடையில ஒரு நாள் ஒக்காந்தாப் போதும். நான் விராலிமலையில அப்படி ஒக்காந்திருக்கிறவன். இதே பொழப்புல கிடந்து சீரழியிறவங்களே, நீங்களே சொல்லுங்க, எவனாவது இப்ப ஹீரோ போஸ் கேக்குறானா?

எங்க ஊர்ப் பெரிய மனுசர் ஒருத்தர் வண்டிப்பாதையில வேலி போட்டுட்டார். அந்தப் பாதை இல்லாம என் வயலுக்கும் தம்பி வயலுக்கும் டிராக்டர் போகாது. நான் மனுவைத் தூக்கிக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா அலைஞ்ச நேரத்துல நடந்தது இதெல்லாம்.

தாய்மாமன்

நார்த்தாமலைக்காரர், தங்கச்சி பிள்ளைக்குக் காதுகுத்து. எங்க பக்கம் தாய்மாமன் பேனர் பந்தலை விடப் பெருசா இருக்கணும். மனுசன் கோழி அறுக்கிறதைக்கூடப் பார்க்க மாட்டார். அவருக்குப் பெரிய நாற்காலி, சுருட்டு, பின்னாடி எரியிற கார் வேணுமாம். கைகூப்பி நிக்கிற ஹீரோ மாதிரி ஒண்ணு போட்டுக் காட்டினேன், மூஞ்சியைச் சுளிச்சுட்டார்.

"ஹீரோ படம் பூரா அடி வாங்குறான், ஆத்தாளைப் பறிகொடுக்குறான். வில்லனுக்குக் கடைசிச் சண்டையில மட்டுந்தான் கஷ்டம். எனக்கு அதுவே போதும் தம்பி."

கல்யாணப் பொண்ணு

மாப்பிள்ளையோட கூட்டாளிங்க அவரை வில்லனா நிறுத்தி பேனர் சொல்லியிருந்தாங்க. திருக்கோகர்ணத்துலேர்ந்து பொண்ணே கடைக்கு வந்துச்சு. போச்சு, மாத்தச் சொல்லப் போகுதுன்னு நெனச்சேன். பார்த்துட்டு, நல்லா இருக்குன்னுச்சு. ஏம்மா, ஹீரோவா வெச்சா ஆகாதான்னு கேட்டேன்.

"ஹீரோ வேணாம்னு சொன்னாலும் பின்னாடியே வருவாருண்ணே. வில்லன் அவரு பாட்டுக்கு அவரு வேலையைப் பார்ப்பாரு."

பிறந்தநாள்

வேலி போட்ட பெரிய மனுசர் தன் பிறந்தநாள் பேனருக்கு என் கடைக்கே வந்தார். அவருக்கு மட்டும் ஹீரோ போஸ்தான் வேணுமாம், பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுற மாதிரி. வெளிய போய்யான்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா கடை வாடகை கண்ணு முன்னாடி நின்னுச்சு. சைஸ் என்னங்கன்னு கேட்டேன். த்தூ, இதெல்லாம் ஒரு பொழப்பு.

பேனருக்குக் கீழே வாழ்த்துறவங்க படத்தைச் சின்னச் சின்ன வட்டமா வெக்கிறது வழக்கம். அந்தப் படங்கள் என் வாட்ஸ்அப்புக்கு வந்துச்சு. பாதைக்காக என்கூட வந்து சாட்சி சொல்றேன்னவங்க அத்தனை பேரும் இளிச்சுக்கிட்டு இருந்தாங்க. கடைசியா என் தம்பி படம். போன் போட்டேன்.

"என் டிராக்டருக்கு மட்டும் வழி விடுறேன்னுட்டாருண்ணே. ஒனக்குத் தெம்பு இருக்கு, நீ நின்னு பாரு. என் படத்தைக் கொஞ்சம் பெருசா வை."

தியேட்டர்ல வில்லன் சாகும்போது விசிலடிக்கிற சனம் வெளிய வந்ததும் அவன் காலடியில ஒரு வட்டம் கேக்குது, நான் அதை அழகா வெட்டி ஒட்டிக் கொடுத்துக் கஞ்சி குடிக்கிறேன்.