வரப்போரம் நின்ற கருங்கல்

நான்கு வருடங்களுக்கு முன், ஏரியூர்ப் பக்கம் நடந்தது இது. கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுக்கிறேன். முதலாம் ஆண்டு மாணவர்கள் இருபது பேரைப் பாறை காட்ட அழைத்துப் போயிருந்தேன். பாறையைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு அப்போது கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

அங்கே எங்கு பார்த்தாலும் வெளுத்த, வரிவரியான பாறைதான். ஒரு சோளக்காட்டு வரப்போரம் மட்டும் முழங்கால் உயரத்துக்குக் கன்னங்கரேலென்று ஒரு கல் நின்றது. பார்த்ததும் எனக்குக் குஷி தாங்கவில்லை. "பாத்தீங்களா? பூமிக்குள்ள இருந்த நெருப்புக் குழம்பு, வெள்ளப் பாறையோட வெடிப்புல ஏறி வந்து இறுகிப்போச்சு. அதோட தலைதான் இது" என்று வாய் கிழிய விளக்கிவிட்டு, சுத்தியலால் ஓங்கி ஒரு போடு போட்டேன். ஒரு சில்லு தெறித்தது. மாணவி ஒருத்தி அதை எடுத்து, நம்பர் எழுதிப் பைக்குள் போட்டாள்.

"ஐயோ சார், அடிக்காதீங்க!"

பக்கத்தில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த அம்மா ஓடி வந்தார். என் வயதுதான் இருக்கும். "எம் பொண்ணு இருக்கறா சார் அங்க. நாலு வயசுல காய்ச்சல்ல போயிட்டா. இங்க எல்லாம் வெள்ளக் கல்லுங்க. அடையாளம் தெரியணும்னு எங்க வூட்டுக்காரரு அதோ அந்தக் கரட்டு மேட்டுல இருந்து இதக் கொண்ணாந்து நட்டாருங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு கல்லைக் கண்டால், அது அங்கேயே உருவானதா, வேறெங்கிருந்தோ வந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். என் முதல் வகுப்புப் பாடமே அதுதான். ஊருக்குத்தான் உபதேசம்!

மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டவே இல்லை. மாணவியிடம் சில்லைக் கேட்டு வாங்கி, உடைந்த இடத்தில் பொருத்திப் பார்த்தார். நிற்கவில்லை. புதிதாகப் பளபளத்த அந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே, "இது பழையபடி ஆயிடுங்களா சார்?" என்றார்.

வெயிலும் மழையும் பட்டுக் கல்லின் மேல்தோல் மறுபடி பழசாக எத்தனையோ தலைமுறை ஆகும். போன வாரம்தான் அதை நடத்தியிருந்தேன். இருபது பேரும் என்னையே பார்த்தார்கள்.

"நாலு மழை பெஞ்சா சரியாயிடும்மா" என்றேன்.

அது பொய் என்று இருபது பேருக்கும் தெரியும். உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் என்னைத் திட்டியாவது இருப்பார். அதை வாங்கிக்கொள்ளக்கூட எனக்குத் தைரியமில்லை. இப்போதும் மழை பெய்தால், விடிந்ததும் அவர் வரப்போரம் போய் அந்தக் கல்லைக் குனிந்து பார்ப்பாரே என்று நினைத்து வெட்கத்தில் கூசிப்போகிறேன்.